விறாந்தைக் கிராதியில் இருந்த ஈயம்



போன மாதம் நமது வானொலியில் நான் பேசிய உரையை எழுத்திலும் தரும்படி சிலர் கேட்டிருந்தார்கள். புதிதாக வீடு வாங்கியிருக்கும் ஒரு தங்கச்சி தொலைபேசியில் கூப்பிட்டு, "அங்கிள், அந்த ஆண்டுக் கணக்கை இன்னொருக்கால் சொல்லுங்கோ, எழுதி வைக்கவேணும்" என்றா. வானொலியில் பத்து நிமிடத்துக்குள் அடக்க முடியாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் 1987ஆம் ஆண்டு இந்த நாட்டுக்கு வந்தவர்கள். ஏழு வருடம் வாடகை வீடுகளில் மாறி மாறி இருந்துவிட்டு, 1994இல் பிரிஸ்பேன் நகரத்தின் உட்புறத்தில் ஒரு பழைய மரவீட்டை வாங்கினோம். தூண்களுக்கு மேலே தூக்கிக் கட்டிய, முன்பக்கம் முழுதும் விறாந்தை ஓடுகின்ற, தகரக் கூரை போட்ட வீடு. 1914இல் கட்டியது என்று பத்திரத்தில் இருந்தது. அந்த விறாந்தைதான் எங்களை மயக்கியது. ஊரிலே ஷெல் விழுந்து ஓடு பறந்த வீட்டை விட்டு வந்த எங்களுக்கு, மாலையில் கதிரை போட்டுக் குந்தியிருக்க ஒரு விறாந்தை கிடைத்ததே பெரிய விசயம்.

பெயின்ற் மட்டும் உரிந்துபோய்க் கிடந்தது. பள்ளி விடுமுறையில் மச்சானும் நானும் ஒரு மின்சார சாண்டர் இரவல் வாங்கி, இரண்டு நாள் கிராதி முழுவதையும் தேய்த்துத் தள்ளினோம். வெள்ளைத் தூள் மாவரித்ததுபோல எல்லா இடமும் படிந்தது. மனைவி தும்புத்தடியால் கூட்டினா. எங்கள் கடைசி மகளுக்கு அப்போது இருபது மாதம். அந்தத் தூளுக்குள் தவழ்ந்தும், நடக்கப் பழகியும், கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்று வாயை வைத்தும் விளையாடினாள். அதைப் படம்கூட எடுத்து வைத்திருக்கிறோம்.

இரண்டு மூன்று மாதத்தில் பிள்ளை வெளிறிப்போனாள். சாப்பாடு வேண்டாம், வயிற்றுக்குத்து, காரணமில்லாத சிணுக்கம். பல்லு முளைக்கிற கோளாறு என்று மாமி சொன்னா. குடும்ப வைத்தியரிடம் கொண்டுபோனபோது அந்த மனிதர் பிள்ளையைப் பார்த்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் வீடு எத்தனையாம் ஆண்டு கட்டியது?" என்பது. அடுத்த கேள்வி, "அண்மையில் ஏதாவது பெயின்ற் வேலை செய்தீர்களா?"

இரத்தப் பரிசோதனையில் ஈயம் ஒரு டெசிலீற்றருக்கு 27 மைக்ரோகிராம் என்று வந்தது. 10க்குக் கீழே இருக்கவேண்டும் என்று இந்த நாட்டின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் அதற்கு முதல் வருடம், 1993இல்தான், இலக்கு வைத்திருந்தது. பிறகு 2015இல் அது 5 ஆகக் குறைக்கப்பட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய நிலைப்பாடு.

அன்று வைத்தியர் சொன்ன ஒரு வசனம் என்னை வரலாற்றுக்குள் இழுத்துவிட்டது. "பெயின்றில் இருக்கும் ஈயம் பிள்ளைகளை நஞ்சூட்டும் என்று உலகம் முதன்முதலில் கண்டுபிடித்தது இந்த ஊரில்தான், தெரியுமா?" எனக்குத் தெரியாது. பிறகு மாநில நூலகத்துக்குப் போய்ப் போய் வாசித்ததில் கிடைத்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

1889ஆம் ஆண்டு பிரிஸ்பேன் சிறுவர் ஆஸ்பத்திரிக்கு அல்பிரட் ஜெபரிஸ் டேர்னர் என்ற இளம் வைத்தியர் வந்து சேர்ந்தார். (இந்த மனிதர் ஓய்வு நேரத்தில் அந்துப்பூச்சி பிடிப்பவர், அவுஸ்திரேலிய அந்துப்பூச்சிகளை வகைப்படுத்தியதில் அவர் பெயர் இன்றும் பெரியது. சின்னச் சின்ன வித்தியாசங்களை உற்றுப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது.) ஆஸ்பத்திரிக்கு வந்த சில பிள்ளைகளுக்கு மணிக்கட்டும் பாதமும் தொங்கிப்போயிருந்தன. வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தச்சோகை இருந்தன. சிலருக்குக் கண் மாறுகண்ணாகிப் பார்வை மங்கியது. பெயின்ற் அடிக்கும் தொழிலாளிகளுக்கும் ஈயத் தொழிற்சாலைகளில் வேலை செய்வோருக்கும் வருகின்ற வருத்தத்தின் அடையாளங்கள் இவை. ஆனால் இவர்கள் மூன்று வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள். எந்தத் தொழிற்சாலைக்கும் போகாதவர்கள்.

1892இல் டேர்னரும், லொக்ஹார்ட் கிப்சன் என்ற கண் வைத்தியரும், இன்னும் சில பிரிஸ்பேன் வைத்தியர்களும் சேர்ந்து இது ஈய நஞ்சுதான் என்று மருத்துவ மாநாட்டில் அறிவித்தார்கள். எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. அதற்குப் பன்னிரண்டு வருடம் எடுத்தது.

கண்டுபிடித்தவர் கிப்சன். 1904இல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் தலைப்பே முழு விடயத்தையும் சொல்லிவிடும்: பெயின்ற் அடித்த கிராதிகளும் அறைச் சுவர்களுமே குயின்ஸ்லாந்துப் பிள்ளைகளின் ஈய நஞ்சுக்கு ஊற்று என்பதற்கான வாதம். புதுப் பெயின்ற் அல்ல, வெயிலில் காய்ந்து மாப்போல ஆகிவிட்ட பழைய பெயின்ற்தான் ஆபத்து என்று அவர் கண்டார். பிள்ளையின் ஈரக் கை கிராதியில் படுகிறது, தூள் ஒட்டுகிறது, அந்தக் கை வாய்க்குப் போகிறது. நகம் கடிக்கிற, விரல் சூப்புகிற பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக வருகிறது என்பதையும் கவனித்தார். பிள்ளைகளின் விரலுக்கு எட்டும் இடத்தில் ஈயப் பெயின்ற் அடிக்கவே கூடாது என்பதே அவர் சொன்ன தடுப்பு முறை.

ஏன் குயின்ஸ்லாந்தில்? எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம், ஏனென்றால் நாங்களும் விறாந்தையில் வளர்ந்தவர்கள்தான். வெக்கை நாட்டில் பிள்ளைகள் வீட்டுக்குள்ளே இருக்கமாட்டார்கள், விறாந்தையில்தான் நாள் முழுக்க விளையாட்டு. வீடுகள் எல்லாம் மரம். மரத்தை மழையும் கறையானும் அரிக்காமல் இருக்க வெள்ளை ஈயம் கலந்த பெயின்றைப் பல பூச்சுப் பூசுவார்கள். மேலே அந்தக் கொடும் வெயில். லண்டன் வீட்டுச் சுவரில் பல வருடம் தாக்குப்பிடிக்கும் பெயின்ற், இங்கே சீக்கிரம் சுண்ணாம்புபோல உதிரத் தொடங்கிவிடும்.

வெள்ளை ஈயம் என்றால் என்ன என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். ஈயத் தகடுகளைப் புளிக்காடி இருக்கும் மண்சட்டிகளில் வைத்து, சுற்றிவரக் குதிரைச் சாணத்தைக் குவித்து மூடிவிடுவார்கள். சாணத்தின் சூட்டிலும் அதிலிருந்து வரும் வாயுவிலும் சில மாதங்களில் தகட்டின்மேல் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். அதைச் சுரண்டி அரைத்து ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் பெயின்ற். நல்ல பெயின்ற் என்பதையும் சொல்லவேண்டும். பாரமாகப் பிடிக்கும், மழைக்கு அசையாது. அதனால்தான் அதை விட எவருக்கும் மனம் வரவில்லை. துத்தநாகத்தில் செய்த வெள்ளையும் அப்போதே கடையில் இருந்தது என்பது வேறு கதை.

கிப்சனின் கட்டுரைக்குப் பிறகு உடனே சட்டம் வந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். பதினெட்டு வருடம் போனது. அயல் மாநில வைத்தியர்கள் பலர் இதைக் குயின்ஸ்லாந்துக்கு மட்டும் உரிய விசித்திர வருத்தமாகவே பார்த்தார்கள். ஒருவழியாக 1922இல் குயின்ஸ்லாந்துப் பாராளுமன்றம் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, பிள்ளைகள் புழங்கும் கட்டடங்களின் வெளிப்புறத்தில், நிலத்திலிருந்து 4 அடி உயரத்துக்குள் ஈயப் பெயின்ற் அடிப்பதைத் தடுத்தது. பிள்ளைகளைக் காப்பதற்காக ஈயப் பெயின்றைக் கட்டுப்படுத்திய மிக முந்திய சட்டங்களில் இது ஒன்று. 4 அடி என்ற கணக்கை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஐந்தாவது அடியில் உரிகிற பெயின்ற் கீழேதானே விழும்!

அதற்கு முதல் வருடம், 1921இல், ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் நிறுவனம் கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயம் பூசுவதைத் தடுக்கும் உடன்படிக்கை ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. அது தொழிலாளிகளுக்காக. பிரான்ஸ் அதற்கு முன்பே, 1909இல், சட்டம் இயற்றியிருந்தது. ஆக, 1920கள் தொடங்கும்போது உலகத்துக்குத் தெரியாது என்று சொல்ல இடமில்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியர்கள், தொட்டிலின் வெள்ளைப் பெயின்றைக் கடித்துத் தின்ற பிள்ளையைப் பற்றி 1914இலேயே எழுதிவிட்டார்கள். அப்படியிருந்தும் அங்கே ஈய நிறுவனம் ஒன்று 1920களில் சிறுவர்களுக்கான வண்ணப் புத்தகங்களை அச்சிட்டு, ஈயப் பெயின்றைப் பிள்ளைகளின் தோழனாக விளம்பரம் செய்தது. அமெரிக்கா முழுவதற்குமான வீட்டுப் பெயின்ற் தடை 1978இல்தான் வந்தது. கிப்சனின் கட்டுரையிலிருந்து எண்ணிப் பாருங்கள், 74 வருடம்.

குயின்ஸ்லாந்துக் கதையின் மிகத் துயரமான பகுதி அதற்குப் பிறகுதான். 1920களின் கடைசியில் ஜாவிஸ் நை என்ற பிரிஸ்பேன் வைத்தியர் ஒன்றைக் கவனித்தார். மற்ற மாநிலங்களைவிட இங்கே இளம் வயதினர் சிறுநீரக வருத்தத்தால் கூடுதலாகச் சாகிறார்கள். விசாரித்துப் போனால், பலர் பிள்ளைப் பருவத்தில் பெயின்ற் உரிந்த விறாந்தைகளில் வளர்ந்தவர்கள். 1915 முதல் 1935 வரை பிரிஸ்பேனில் ஈய நஞ்சுக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் பின்னர் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்த ஆய்வு ஒன்று 1954இல் வெளிவந்தது. அவர்களில் பெருந்தொகையானோர் நாற்பது வயதைக் காணாமலே இறந்திருந்தார்கள், பலர் சிறுநீரகம் பழுதாகி. ஆஸ்பத்திரியிலிருந்து "சுகமாகிவிட்டது" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

காரணம், ஈயம் உடம்பிலிருந்து லேசில் போவதில்லை. இரத்தத்தில் சில வாரம்தான் இருக்கும். பிறகு, உடம்பு அதைக் கல்சியம் என்று நினைத்து எலும்பில் சேமித்துவிடும். அங்கே பத்து இருபது வருடம்கூடக் கிடக்கும். பெண் பிள்ளைகள் பின்னாளில் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து கல்சியத்தோடு சேர்ந்து அதுவும் வெளியே வரலாம். வளர்ந்தவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தால், சின்னப் பிள்ளைகளுக்குப் பாதிவரை சேரும். இரும்புச் சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளைகளுக்கு இன்னும் கூட. இதை வைத்தியர் சொன்னபோது மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தூளைக் கிளப்பினது நான்.

பெயின்ற் மட்டும்தானா என்றால் இல்லை. 1921இல் அமெரிக்கப் பொறியியலாளர் தோமஸ் மிட்ஜ்லி, பெற்றோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் எஞ்சின் இடிக்காமல் ஓடும் என்று கண்டுபிடித்தார். 1923இல் விற்பனைக்கு வந்தது. 1924இல் நியூ ஜேர்சி ஆலையொன்றில் அந்தச் சேர்மத்தால் ஐந்து தொழிலாளிகள் மூளை பாதித்து இறந்தார்கள். அதற்குப் பிறகும் உலகம் முழுவதும் அதைக் காற்றில் கலந்துகொண்டிருந்தது. இதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் கிளெயர் பற்றர்சன். அவர் பூமியின் வயதைக் கணிக்க வந்த விஞ்ஞானி. 455 கோடி வருடம் என்று கண்டுபிடித்தவரும் அவரே. அதற்காக மிகச் சிறிய அளவு ஈயத்தை அளக்கப் போனால், ஆய்வுகூடத்தின் மேசை, தூசி, தலைமயிர் எல்லாவற்றிலும் ஈயம். பூமியின் வயதைத் தேடப்போய், மனிதர் பூமியை எவ்வளவு அழுக்காக்கிவிட்டார்கள் என்று 1965இல் எழுதினார். அவுஸ்திரேலியாவில் 1986 முதல் புதிய கார்களுக்கு ஈயமில்லாப் பெற்றோல் கட்டாயமாகி, 2002இல் ஈயப் பெற்றோல் முற்றாக நின்றது. இலங்கையிலும் 2002இல்தான். கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல்.

ஊரை நினைத்தால் எனக்கு வேறொரு படமும் வருகிறது. நான் வடமராட்சிக் கரையில் வளர்ந்தவன். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைச் சின்னம்மா வீட்டுக் குசினி அடுப்பிலேயே சின்னையா உருக்குவார். பழைய ஈயத் துண்டுகளை இரும்புக் கரண்டியில் போட்டு, வெள்ளிபோல உருகி ஓடும்போது மணல் அச்சில் ஊற்றுவார். நாங்கள் பிள்ளைகள் சுற்றிநின்று வேடிக்கை பார்ப்போம். ஆறினதும் அந்தக் குண்டுகள்தான் எங்களுக்கு விளையாட்டுச் சாமான். அதே அடுப்பில் பிறகு கறி கொதிக்கும். சின்னையாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கார் பற்றரித் தகட்டை உருக்கினால் இதைவிட மோசம், இன்றைக்கும் பல நாடுகளில் பிள்ளைகள் அதனால் பாதிக்கப்படுகிறார்கள்.

வானொலி உரைக்குப் பிறகு ஒரு அம்மா கூப்பிட்டு, "அப்ப எங்கட பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினதெல்லாம் நஞ்சோ தம்பி?" என்று பதறிக் கேட்டா. நல்ல கேள்வி. தமிழில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். பாத்திரத்துக்குப் பூசவேண்டியது வெள்ளீயம், அது வேறு உலோகம், ஆபத்தில்லை. நஞ்சு காரீயம். ஆனால் மலிவுக்காகக் காரீயத்தையும் கலந்து பூசுகிறவர்கள் உண்டு, அதனால் யார் பூசினது என்று தெரியாத பழைய பாத்திரத்தில் புளி விட்டுச் சமைக்காமல் விடுவது நல்லது. மஞ்சள் தூளையும் சொல்லவேண்டும். வங்காளதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் ஏற்றுவதற்காக ஈயக் குரோமேற் தூளைப் பூசிக்கொண்டிருந்தார்கள். 2019இல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 வீதத்தில் ஈயம் இருந்தது. அரசாங்கம் ஆய்வாளர்களோடு சேர்ந்து வியாபாரிகளைப் பிடித்துத் தண்டம் அடித்து, பத்திரிகைகளில் எழுதி, 2021இல் அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தது. பிரிஸ்பேனுக்குப் பதினெட்டு வருடம் எடுத்த வேலையை அவர்கள் இரண்டு வருடத்தில் செய்திருக்கிறார்கள். இலங்கையிலும் பெயின்றில் ஈயத்துக்கு உச்ச அளவு 2011இல் வர்த்தமானியில் வந்து, 2013 தை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது.

இனி அந்தத் தங்கச்சி கேட்ட ஆண்டுக் கணக்கு. அவுஸ்திரேலியாவில் 1950க்கு முன் கட்டிய வீடு என்றால் பாதிக்குப் பாதி ஈயம் உள்ள பெயின்ற்கூட இருக்கலாம். 1960களின் கடைசிவரை 1 வீதத்துக்கு மேல் ஈயம் உள்ள பெயின்ற் விற்பனையில் இருந்தது. வீட்டுப் பெயின்றில் 0.1 வீதம் என்ற எல்லை 1997இல்தான் வந்தது. ஆகவே 1970க்கு முந்திய வீடு என்றால், பரிசோதித்துப் பார்க்கும்வரை ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உரியாமல் நல்லபடி இருக்கிற பழைய பெயின்றை அப்படியே விட்டு மேலே புதுப் பூச்சுப் பூசலாம். உரிகிறதைக் காய்ந்தபடி தேய்க்கக் கூடாது, நெருப்புக் காட்டி உருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாகத்தான் சுரண்டவேண்டும், கீழே பிளாஸ்ரிக் விரிக்கவேண்டும், முகமூடி போடவேண்டும், வேலை முடிந்து துப்புரவாகும்வரை பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. தும்புத்தடி தூளைக் கிளப்பும், ஈரத்துணியால் துடையுங்கள். வேலை உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்காதீர்கள். வாடகை வீடு என்றால் நீங்கள் கைவைக்க முன்னர் வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். சுவரோரம் பழைய பெயின்ற் உதிர்ந்த மண்ணில் எங்கள் ஆட்கள் கீரையும் வல்லாரையும் நடுவதைப் பார்க்கிறேன். மண்ணைப் பரிசோதிக்காமல் அதைச் செய்யவேண்டாம், பெட்டி அடித்து வேறு மண் போட்டு நடுங்கள். பிள்ளைக்குச் சந்தேகம் என்றால் குடும்ப வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை, அந்த வைத்தியர் தானாகக் கேட்டது எங்கள் அதிர்ஷ்டம்.

மகளுக்கு இரும்புச் சத்து மருந்து கொடுத்தார்கள். ஆறு கிழமை நண்பர் வீட்டில் இருந்தோம். விசயம் தெரிந்த ஆட்களைக் கூப்பிட்டு வீட்டைத் துப்புரவாக்கினோம், கடன் பட்டுத்தான். ஆறு மாதத்தில் 27 என்பது 15 ஆனது. 10க்குக் கீழே வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் போனது. பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கில் பிந்தியபோதெல்லாம், பிள்ளைகள் பிந்துவது வழக்கம்தான் என்று ஆசிரியை சொன்னாலும், எனக்கு அந்த வெள்ளைத் தூள்தான் ஞாபகம் வந்தது. அதனால்தானா என்று எவராலும் சொல்ல முடியாது என்றார் வைத்தியர்.

இப்போது அவளுக்கே ஒரு பிள்ளை. போன வருடம் அவளும் கணவனும் வீடு பார்க்கப் போன இடத்தில், விலையைக் கேட்க முன்னர் விற்பனை முகவரிடம் எத்தனையாம் ஆண்டு கட்டியது என்று கேட்டாளாம். 1938 என்றாராம். வாங்கித்தான் இருக்கிறார்கள், பரிசோதகரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தபிறகு. விறாந்தைக் கிராதியை முற்றாகக் கழற்றி மாற்றுவது என்று முடிவு. தானும் கூடநிற்க வரட்டோ என்று கேட்டேன். "அப்பா, நீங்கள் சாண்டரைத் தொடாமல் இருந்தால் போதும்" என்றாள்.